பழத்தைக் கீழே வையுங்கள்: மாட்டுக் கொட்டிலில் தொண்டூழியம் செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

கொட்டிலுக்கு முதல் முறை வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வேலை செய்கிறார்கள். வந்ததும் பையிலிருந்து வாழைப்பழம் வெளியே வரும். அடுத்து கைத்தொலைபேசியில் ஒரு படம். பிறகு "என்ன வேலை இருக்கு அண்ணே?" என்று கேட்டுத் துடைப்பத்தை எடுப்பார்கள். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பது கடைசியில். மாட்டை நின்று பார்ப்பது அநேகமாக இல்லவே இல்லை.

சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கத்துப் பண்ணைக் கொட்டில் ஒன்றிலும், பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் போடும் தற்காலிகக் கொட்டகையிலும் வேலை செய்து கற்றதை இங்கே எழுதுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஓர் அண்ணன். முதல் நாள் ஒரு சீப்புப் பழத்தோடு நின்ற என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பழத்தக் கீழ வைங்க. மொதல்ல மாட்டப் பாருங்க." முதலில் பார்வை, அடுத்து தண்ணீர், அடுத்து தரை, அதன் பிறகே தீனி. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகின்றன.

1. வீட்டிலிருந்து கிளம்பும் முன்

கடந்த ஒரு வாரத்தில் தமிழ்நாட்டுக்கோ மலேசியாவுக்கோ போய் மாடு, ஆடு, பன்றி இருக்கும் இடத்தில் நின்றிருந்தால் இந்த வாரம் வராதீர்கள். வாயிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் போடும் தொற்றான கோமாரி நோய் சிங்கப்பூரில் இல்லை. தடுப்பூசி போடாமலேயே நோயற்ற நாடு என்று உலக விலங்கு நல அமைப்பு அங்கீகரித்த இடம் இது. அதனால் இங்குள்ள மாடுகளுக்கு அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. நோய்க்கிருமி காலணியின் அடிப்பாகத்தில் ஒட்டிய சாணத்தில்கூட வந்து சேரும். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போய் மாமா வீட்டுத் தொழுவத்தில் நின்றுவிட்டு, ஜனவரியில் அதே காலணியோடு பொங்கல் கொட்டகைக்கு வருபவர்களை நினைத்துத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

கொட்டிலுக்கென்று ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தனியாக இருக்கட்டும். அதை அங்கேயே கழுவி அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத கட்டுப் போடுங்கள். மாட்டின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி மனிதருக்கு வரக்கூடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் மாடு கன்று ஈனும் இடத்துக்கும் ஈன்ற இடத்துக்கும் போகவே கூடாது. பச்சைப் பாலை யார் கொடுத்தாலும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

குடை வேண்டாம், மழைச்சட்டை கொண்டுவாருங்கள். மாட்டின் முகத்துக்கு நேரே பட்டென்று விரியும் குடையைப் போல அதை மிரட்டுவது வேறொன்றும் இல்லை. ஜனவரி மழையில் எல்லார் கையிலும் குடை இருக்கும் ஊர் நம் ஊர்.

2. முதல் பத்து நிமிடம்: கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டக் கூடாது. நீங்கள் உள்ளே போனதும் மாடு எழுந்துவிடும், தலையைத் திருப்பும், தீனி வருமா என்று பார்க்கும். அதற்குப் பிறகு அது உண்மையில் எப்படி இருந்தது என்று தெரியாமல் போய்விடும். அதனால் வேலிக்கு வெளியே நின்றபடியே பாருங்கள்.

முதலில் அசை போடுவது. படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி. ஓர் உருண்டை தொண்டை வழியே மேலேறுவதைக் கழுத்தின் இடப் பக்கத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். அதை ஐம்பது அறுபது தடவை மென்று விழுங்கும். சில நொடி நிற்கும். அடுத்த உருண்டை ஏறும். மெல்லும் எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே போனாலோ, மெல்லுகிற பாதியில் நின்று வெறித்துப் பார்த்தாலோ அந்த மாட்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மூச்சு. விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நாற்பதுக்குள் இருந்தால் சரி. அறுபதைத் தாண்டினால் வெப்பம் அதை வாட்டுகிறது. எண்பதைத் தாண்டி, வாயும் திறந்து, எச்சிலும் ஒழுகினால் மற்ற வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு ஏழாம் படிக்குப் போங்கள்.

இடப் பக்கத்து இடுப்புப் பள்ளத்தைப் பாருங்கள். வயிறு நிறைந்த மாட்டில் அது லேசாக மேடிட்டிருக்கும். பசியோடு இருக்கும் மாட்டில் முக்கோணமாகக் குழிந்திருக்கும். பந்துபோல வெளியே தள்ளியிருந்தால் உப்புசம்.

சாணத்தையும் பாருங்கள். புதியவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அள்ளிப் போடுவது மாட்டின் மருத்துவ அறிக்கையை. தோசை மாவு கனத்தில் வட்டமாக விழுந்து, நடுவில் சின்னக் குழியோடு இருந்தால் செரிமானம் நன்றாக இருக்கிறது. தண்ணீராகத் தெறித்து, புளித்த வாடையோடு, முழுத் தானியம் தெரிந்தால் தீனியில் கோளாறு. வறண்ட கட்டிகளாக அடுக்கடுக்காக விழுந்தால் தண்ணீர் போதவில்லை.

கடைசியாக, எது தனியாக நிற்கிறது? மாடு மந்தை விலங்கு. மற்றவை படுத்திருக்க ஒன்று மட்டும் சுவரைப் பார்த்து, காது தொங்கி, முதுகை வில்லாக வளைத்து நின்றால் அதற்கு எங்கோ வலிக்கிறது. வலியைக் கத்திக் காட்டும் பழக்கம் மாட்டுக்கு இல்லை.

பார்த்ததைப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே போங்கள்.

3. நெருங்குவதும் கட்டுவதும்

மாட்டுக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் தெரியும். வாலுக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சமும்தான் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து போய்த் தட்டிக்கொடுக்காதீர்கள். தோள் பக்கமாக, சற்றுப் பக்கவாட்டில், பேசிக்கொண்டே போங்கள். என்ன பேசுகிறீர்கள் என்பது முக்கியமில்லை. குரல் வருகிற திசையில் ஆள் வருகிறது என்று அதற்குத் தெரிந்தால் போதும். முதலில் கழுத்து, அதன் கீழே தொங்கும் அலைதாடி. நெற்றியைத் தொடுவது பழகிய பிறகு. நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடினால் கன்று அதைச் சண்டைக்கு அழைப்பதாகப் பழகிக்கொள்ளும். இருநூறு கிலோ ஆன பிறகும் அதே விளையாட்டை ஆடும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது நான் பார்த்த தவறுகளில் மிக ஆபத்தானது. மாடு ஒரு முறை வெடுக்கென்று இழுத்தால் விரல் போய்விடும். கயிற்றை மடித்துப் பிடியுங்கள், சுற்றாதீர்கள். தூணில் கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சைப் போடுங்கள். மாடு சறுக்கி விழுந்து கழுத்து இறுகினால் கடின முடிச்சை அவிழ்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.

கயிற்றின் நீளத்தையும் அளந்து பாருங்கள். தலையைத் தரையில் வைத்துப் படுக்கவும், திரும்பித் தன் விலாவை நக்கவும், தண்ணீரை எட்டவும் முடிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் கயிறு குட்டை. மூக்கணாங்கயிற்றில் மாட்டைக் கட்டிப் போடக் கூடாது. ஓட்டும்போது பிடிக்கத்தான் அது. நின்றபடி இழுபட்டால் மூக்குத் தண்டு அறுந்து புண்ணாகிவிடும். கட்டுவது எப்போதும் கழுத்துக் கயிற்றில்.

4. தண்ணீர்

தீனிக்கு முன் தண்ணீரைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த வைக்கோலைத் தின்ற மாடு உடனே தொட்டிக்குப் போகும். அப்போது தொட்டி காலியாகவோ பாசி பிடித்தோ இருந்தால் அடுத்த வேளை தீனியைக் குறைத்துக்கொள்ளும். பால் கறக்காத மாடே நம் வெப்பத்தில் நாளுக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் குடிக்கும். கறவை மாட்டுக்கு நூறு லிட்டர்கூட ஆகும். ஒரே மூச்சில் வாளியை உறிஞ்சிவிடுகிற விலங்கு அது. குழாயில் சொட்டுச் சொட்டாக நிரம்பும் தொட்டி உதவாது.

தொட்டியைத் தினமும் ஒரு முறை முழுதாகக் கவிழ்த்து, பிரஷ்ஷால் தேய்த்து, மீண்டும் நிரப்புங்கள். மேலே மிதக்கும் வைக்கோலை மட்டும் எடுத்துவிட்டுப் போவது போதாது. அடியில் விரலால் தடவிப் பாருங்கள், வழுவழு என்று இருந்தால் கழுவவில்லை என்று பொருள். தொட்டி நிழலில் இருக்கட்டும். வெயிலில் சூடான தண்ணீரை மாடு குறைவாகத்தான் குடிக்கும்.

தினமும் மாற்றுவதால் கொசுத் தொல்லையும் இல்லை. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். ஆனால் கொட்டிலுக்குப் பின்னால் கவிழ்த்து வைக்காத வாளி, கித்தான் மடிப்பில் தேங்கிய மழைநீர், பயன்படாத தொட்டி என்று நாலு இடம் எப்போதும் இருக்கும். டெங்கி உள்ள ஊரில் இதைச் சுற்றிப் பார்ப்பது தண்ணீர் பார்ப்பவரின் வேலைதான்.

5. தரை

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான், எல்லாரும் அலட்சியம் செய்வதும் இதைத்தான். மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். நிம்மதியாக அசை போடுவது படுத்த நிலையில்தான். குளம்புக்கு ஓய்வு கிடைப்பதும் அப்போதுதான். தரை சரியில்லை என்றால் மாடு நின்றுகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் "நல்லா கம்பீரமா நிக்குது" என்பார்கள். அதன் முழங்கால் வீங்கிக்கொண்டிருக்கும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாடு படுக்கும் இடத்தில் நீங்கள் இரண்டு முழங்காலையும் ஊன்றி விழுங்கள். வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். எழுந்ததும் கால்சட்டை ஈரமாக இருந்தால் அந்த இடம் மாடு படுக்கத் தகுந்ததல்ல. வெறும் சிமெண்டில் இந்தச் சோதனையைச் செய்துபார்த்த யாரும் பிறகு ரப்பர் விரிப்புக்குச் செலவு அதிகம் என்று சொன்னதில்லை. ரப்பர் விரிப்பின் மேலேயும் மரத்தூளோ நறுக்கிய வைக்கோலோ ஒரு கை உயரத்துக்குப் போட வேண்டும். ரப்பர் மென்மை தரும், ஈரத்தை உறிஞ்சாது.

மாடு எழுவதையும் கவனியுங்கள். முன்னங்காலை மடக்கி முட்டியிட்டுப் படுக்கும். எழும்போது தலையை முன்னால் நீட்டி, பின்பக்கத்தை முதலில் தூக்கும். முன்னால் சுவரோ கம்பியோ இடித்தால் அப்படி எழ முடியாது. குதிரைபோல முன்னங்காலை முதலில் ஊன்றி எழுகிற மாட்டைப் பார்த்தால் இடம் போதவில்லை என்று பொருள். கயிற்றையோ தடுப்பையோ நகர்த்துங்கள்.

சுத்தம் செய்யும் வரிசை: முதலில் மாட்டை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். காய்ந்த நிலையிலேயே சாணத்தை வாருங்கள், ஈரமான மரத்தூளை அள்ளுங்கள். அதன் பிறகே தண்ணீர். கழுவியதும் தண்ணீர் தள்ளும் கட்டையால் வடிகால் பக்கம் தள்ளி, மின்விசிறியைப் போட்டுக் காய வைத்துவிட்டுப் புதுத் தூளைப் போடுங்கள். புதியவர்கள் வந்ததும் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். சாணம் கரைந்து சந்துபொந்தெல்லாம் போய், தரை நாள் முழுக்க வழுக்கும். ஈரம் காயாத தரையில் குளம்பு ஊறி மென்மையாகி, இடுக்கில் புண் வரும். நம் ஈரப்பதத்தில் தானாகக் காய்ந்துவிடும் என்று எதையும் விட முடியாது.

சாணம் கலந்த தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடக் கூடாது. அது நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிற வழி, அங்கே கழிவை விடுவது குற்றமும்கூட. தற்காலிகக் கொட்டகையில் சாணத்தை மூடி போட்ட தொட்டியில் சேர்த்து, ஏற்பாட்டாளர் சொன்ன வண்டியில் மட்டும் ஏற்றுங்கள்.

முடிந்ததும் மாட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து ஒரு முறை மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் இன்னும் சிறுநீர் தேங்கியிருக்கிறது. நின்ற உயரத்தில் அந்த நெடி தெரியாது.

6. தீனி

இப்போது பழத்தைக் கையில் எடுக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். இன்னும் இல்லை.

வரிசை இது: முதலில் வைக்கோல் அல்லது உலர்புல். அடுத்து பசும்புல். அதன் பிறகு தவிடு, புண்ணாக்கு கலந்த அடர்தீவனம். பழமும் வெல்லமும் இருந்தால் எல்லாவற்றுக்கும் பின்னால், மிகக் கொஞ்சம். நார் உள்ள தீனியை மெல்லும்போது எச்சில் ஊறும். நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கும் விலங்கு அது. அந்த எச்சில்தான் மாட்டின் நான்கு வயிறுகளில் முதல் வயிற்றில் புளிப்பு ஏறாமல் காக்கிறது. வெறும் வயிற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும் போனால் நுண்ணுயிர்கள் அதை வேகமாக அமிலமாக்கிவிடும், ஈடுகொடுக்க எச்சில் இருக்காது.

ஒரு மாட்டுப் பொங்கல் நாளில் இது என் கண் முன்னால் நடந்தது. தீனித் தொட்டிப் பக்கம் நான்தான் நின்றேன். வருகிறவர்கள் ஆசையாகக் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், ஊறவைத்த அரிசி எல்லாவற்றையும் மறுக்க மனம் வராமல் வாங்கி வாங்கிப் போட்டேன். ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு கைப்பிடிதான், ஆனால் அன்று வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். மறுநாள் காலையில் அந்தப் பசு அசை போடவில்லை. தலையைத் தொங்கவிட்டு நின்றது. சாணம் சாம்பல் நிறத் தண்ணீராக, புளித்த கள்ளைப்போல நாறியது. காலை மாற்றி மாற்றி வைத்தது, குளம்பு வரைக்கும் வலி இறங்கியிருந்தது. மருத்துவர் வந்து குழாய் போட்டு மருந்து ஏற்றினார். அது பழையபடி வைக்கோலைக் கடிக்க ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் அதன் கன்று பக்கத்தில் நின்று கத்தியது. கொடுக்க வந்தவர் யார் மேலும் தப்பில்லை. தடுக்க வேண்டிய இடத்தில் நின்றவன் நான்.

அதிலிருந்து நாங்கள் செய்வது: வருகிறவர்கள் கொண்டுவரும் எதையும் நேரே மாட்டின் வாயில் கொடுக்க விடுவதில்லை. மாட்டின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஒரு கூடை. அதில் போடச் சொல்லி, பிறகு பிரித்து, தகுந்ததை அளவோடு கொடுக்கிறோம். சமைத்த சோறு, ரொட்டி, முறுக்கு கிடையாது. பொங்கல் நாளில் பொங்கல் ஊட்டியே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடி, வீட்டார் சார்பாக ஒருவர். புண்படாமல் சொல்லுங்கள்: "வயித்துக்கு ஒத்துக்காதுங்க அம்மா, இந்தாங்க, இந்தப் புல்லக் குடுங்க." ஒரு கட்டுப் புல்லைக் கையில் கொடுத்துவிட்டால் யாரும் கோபிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது மாட்டுக்கு ஏதோ ஒன்று ஊட்டிய நிறைவு.

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கி வரும் அகத்திக்கீரைக் கட்டில் ரப்பர் வளையம் இருக்கும், கீரைத் தண்டில் பிளாஸ்டிக் நார் இருக்கும். கட்டைப் பிரித்து உதறிய பிறகே கொடுங்கள். மாடு உதட்டால் பொறுக்கித் தின்னும் விலங்கு அல்ல, நாக்கால் வாரிச் சுருட்டி விழுங்கிவிடும். கம்பித் துண்டு உள்ளே போனால் இரண்டாம் வயிற்றில் தங்கி, பக்கத்திலிருக்கும் நெஞ்சுக்குள்ளேயே குத்தக்கூடும்.

அளவு: உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் இரண்டரை பங்கு, உலர் எடையில். நானூறு கிலோ மாட்டுக்கு எட்டு முதல் பத்துக் கிலோ. பசும்புல்லில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால் எட்டுக் கிலோ உலர் தீனி வேண்டுமானால் நாற்பது கிலோ புல் வெட்ட வேண்டும். ஒரு தட்டுப் புல்லைப் போட்டுவிட்டு "சாப்பிட்டுருச்சு" என்று போகிறவர்களுக்காக இந்தக் கணக்கு. தீனியை மாற்றுவதாக இருந்தால் பழையதோடு புதியதைக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

வைக்கோல் மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். மரப் பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். கையை மூட்டைக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாகவோ முடைநாற்றமாகவோ இருந்தால் பூஞ்சை. மேலே நன்றாக இருக்கிறதே என்று கலந்துவிடாமல் மூட்டையோடு அப்புறப்படுத்துங்கள்.

7. வெப்பமும் புழுக்கமும்

மாட்டின் வெப்ப அழுத்தத்தை அளக்க வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஓர் எண்ணாகக் கணக்கிடுவார்கள். அது 72ஐத் தாண்டினால் கறவை மாடு சிரமப்படத் தொடங்கும். நம் ஊரில் 32 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள பிற்பகலில் அந்த எண் ஏறத்தாழ 84. இரவு 25 டிகிரி, 90 விழுக்காடு என்றாலும் 76. இரவில்கூட அது 72க்குக் கீழே இறங்குவதில்லை, அதுதான் இங்குள்ள சிக்கல். திமில் உள்ள நாட்டு இனங்கள் இதைத் தாங்கும். ஐரோப்பிய இனக் கலப்பு மாடுகளுக்குக் காற்றோட்டம் இல்லாமல் முடியாது.

குளிர்விக்கும்போது இரண்டைச் சேர்த்தே செய்யுங்கள்: முதலில் தோல்வரை நனையும்படி ஓரிரு நிமிடம் தண்ணீர், அடுத்து மின்விசிறி. தண்ணீர் ஆவியாகிப் போகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்று இல்லாமல் நனைத்துவிட்டு விட்டால் முடிக்கும் தோலுக்கும் நடுவே வெந்நீர்ப் போர்வை போர்த்தியதுபோல ஆகிவிடும். பனிபோல மெல்லிய தூவல் பயன் தருவது வறண்ட ஊரில். இங்கே அது முடியின் நுனியில் தங்கிக் காற்றின் ஈரத்தைத்தான் கூட்டும்.

மாட்டைக் குளிப்பாட்டுவது, வண்டியில் ஏற்றுவது, ஊசி போடுவது எல்லாம் காலை ஒன்பது மணிக்குள் முடியட்டும். அடர்தீவனத்தை மாலை ஆறு மணிக்குப் பிறகு கொடுங்கள். செரிமானத்தில் பிறக்கும் சூடு இரவுக்குத் தள்ளிப்போகும்.

8. குளம்பு, தோல், அலங்காரம்

குளம்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்றவர் சீவ வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது நடையைப் பார்ப்பதும், இடுக்கில் கல் இருந்தால் சொல்வதும்தான். உண்ணி காதுக்குள்ளும் வால் அடியிலும் மடி இடுக்கிலும் இருக்கும். அங்கே தடவிப் பாருங்கள்.

கொம்புக்குப் பெயிண்ட் வேண்டாம். மஞ்சளும் குங்குமமும் போதும், கழுவினால் போய்விடும். மாலையில் ஒன்றைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் தடித்த மாலைகளில் வளையம் நிற்பதற்காக உள்ளே கம்பி வைத்திருப்பார்கள். ஒரு மாட்டின் கழுத்து மாலையைப் பக்கத்து மாடு தின்னும். வாழைநாரில் தொடுத்த மாலை என்று கேட்டு வாங்குங்கள், பூசை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

9. பொங்கல் கொட்டகைக்கு மட்டும்

ஒற்றை மாட்டைக் கொண்டுவரச் சம்மதிக்காதீர்கள். பழகிய இன்னொரு மாடு பக்கத்தில் இருந்தால்தான் புது இடத்தில் தீனி எடுக்கும். கன்று தாயைப் பார்க்கும் தூரத்தில், தொடும் தூரத்தில் இருக்கட்டும்.

கொட்டகையின் மூன்று பக்கமும் ஆள் நிற்கும்படி அமைத்தால் மாட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமே இருக்காது. ஒரு பக்கத்தையாவது முழுதாக மறையுங்கள். பொதுமக்கள் தடுப்புக்கும் மாட்டின் தடுப்புக்கும் நடுவே ஆள் நடக்கும் அகலத்தில் இடைவெளி விடுங்கள். ஒலிபெருக்கியின் முகம் கொட்டகையைப் பார்க்க வேண்டாம். உறுமி மேளம் கொட்டகைக்கு எதிரில் வாசிக்காமல் தெருமுனையில் வாசிக்க ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வாசிப்பு தொடங்கிய பிறகு போய்ச் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

ஜனவரி மழைமாதம். சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கித்தானைக் கட்டுங்கள். தரை நனையாமல் பலகை அடித்து உயர்த்தியிருந்தால் அதன் மேல் வழுக்காத விரிப்பு கட்டாயம். இடி இடித்தால் மாட்டை இரும்புத் தூணில் கட்டி விட்டுவிட்டு ஓடாதீர்கள். கூட்டத்தை அனுப்பிவிட்டுப் பக்கவாட்டுத் திரையை இறக்குங்கள்.

மாலை ஏழு மணிவரை ஒரு மாடு ஒரு முறையும் படுக்கவில்லை என்றால் அன்றைய காட்சியை அத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்பாட்டாளருக்கு இது பிடிக்காது. அதனால் இந்த ஒப்பந்தத்தை முதல் நாளே பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

10. மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம்

கால்நடை மருத்துவரின் எண் கொட்டில் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். கீழ்க்கண்ட எதைப் பார்த்தாலும் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்: இடப் பக்கம் பந்துபோல உப்பி, தட்டினால் மத்தளம்போல ஒலிப்பது, அரை நாளாக அசை போடாதது, ஆசனவாய் வெப்பம் 39.5 டிகிரிக்கு மேல். எழ முடியாமல் பக்கவாட்டில் சரிந்து கிடப்பது. வாயிலோ குளம்பு இடுக்கிலோ கொப்புளம். கடைசியில் சொன்னதைப் பார்த்தால் யாரும் வெளியே போகாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

மருத்துவர் வரும்வரை உப்பிய மாட்டை நிற்க வையுங்கள், முன்னங்கால் மேட்டில் இருக்கட்டும். வீட்டு வைத்தியம் என்று எண்ணெயைப் புட்டியில் ஊற்றிப் புகட்டாதீர்கள். தலையைத் தூக்கி ஊற்றும்போது நுரையீரலுக்குள் போய்விடும். எழ முடியாமல் படுத்த மாட்டை மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுத்து, சில மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றுங்கள். ஒரே பக்கத்தில் கிடந்தால் தன் எடையே தன் தசையை நசுக்கிவிடும்.

வயதான மாடு இனி எழாது என்று மருத்துவர் சொல்லும் நாளும் வரும். வலியில்லாமல் அனுப்பிவைப்பதா, காத்திருப்பதா என்ற முடிவு உரிமையாளருடையது. தொண்டூழியர் அங்கே வாதாட வேண்டாம். தண்ணீரும் நிழலும் ஈ அண்டாத துணியும் கடைசிவரை குறையாமல் பார்ப்பது நம் பொறுப்பு.

11. ஊர்க் கோசாலைக்குப் பணம் அனுப்புகிறவர்கள்

இங்கே வேலை பழகியவர்களில் பலர் தமிழ்நாட்டுக் கோசாலைகளுக்கும் மாதாமாதம் அனுப்புகிறார்கள். அனுப்புமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் உண்டா? புதிதாக வரும் மாட்டை மூன்று நான்கு வாரம் தனியே வைக்க இடம் இருக்கிறதா? காளைகளைப் பிரித்து வைக்கிறார்களா, இல்லை மந்தைக்குள்ளேயே கன்று பெருகிக்கொண்டிருக்கிறதா? மாதம் எத்தனை மாடு இறந்தது, எதனால் என்று பதிவேடு உண்டா? நான்காவது கேள்விக்குத் தயங்காமல் ஏட்டை எடுத்து நீட்டுகிற இடத்துக்கே நான் அனுப்புகிறேன். இறப்பே இல்லை என்று சொல்லும் இடத்தை நம்புவதில்லை. நேரில் போனால் படம் எடுக்கும் முன் தண்ணீர்த் தொட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள்.

12. கிளம்பும் முன்

தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை. கயிறுகளின் நீளம், முடிச்சு. வாளிகள் கவிழ்ந்திருக்கின்றனவா. மின்விசிறிக் கம்பி மாடு எட்டாத உயரத்தில் இருக்கிறதா. பதிவேட்டில் இன்று எழுதிய பெயர்களுக்குப் பக்கத்தில் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி. அடுத்து வருகிறவர் முதல் பத்து நிமிடத்தில் தேடப்போவது அந்த வரியைத்தான்.

பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். விளக்கை அணைத்ததும் உடனே நகராமல் வேலிக்கு வெளியே கொஞ்சம் நில்லுங்கள். முதல் மாடு முன்னங்காலை மடக்கி, பெருமூச்சு விட்டு, புதுத் தூளில் சரிந்து படுக்கும். அடுத்தது படுக்கும். கழுத்தில் உருண்டை மேலேறும் சத்தம் இருட்டில் கேட்கும். கேட்டதும் கதவைச் சாத்துங்கள்.